மூணு செட், பத்து ரெப்: ஏறாத எடையின் வரலாறு

பொங்கலுக்கு மேல்பட்டாம்பாக்கம் போயிருந்தபோது, பெரியப்பா வீட்டு அண்ணனின் மகன் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். பத்தொன்பது வயசு. காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். பதினொரு மாசமாக ஜிம்முக்குப் போய் வருகிறான். தினமும் என்ன செய்தான் என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தான்.

முதல் பக்கம், பிப்ரவரி: பெஞ்ச் பிரஸ் 30 கிலோ, 3 செட், 10 ரெப். கடைசிப் பக்கம், ஜனவரி: பெஞ்ச் பிரஸ் 30 கிலோ, 3 செட், 10 ரெப். நடுவில் உள்ள பக்கங்களிலும் அதே வரிதான்.

"ஒரு நாள் கூட லீவு போடல சித்தப்பா. ஆனா உடம்பு ஏறவே இல்ல. ஜிம்முக்கு வர்ற ஒருத்தர் ஊசி போட்டுக்கோ, மூணு மாசத்துல தெரியும்ங்கிறார். போட்டுக்கலாமா?"

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். "அப்ப வேற என்ன பண்றது?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன். உடலியல் புத்தகத்தில் தொடங்கி வழக்கம்போல வரலாற்றுக்குள் போய் விழுந்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் பெரும்பாலும் அங்கேதான் இருந்தது.

அதற்கு முன்னால் அவன் அப்பா கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணனும் இதே காவலர் தேர்வுக்குத்தான் தயாரானார். அப்போது எங்க பக்கம் ஜிம் கிடையாது. பெயிண்ட் டப்பா ரெண்டில் சிமெண்ட் கலவை ஊற்றி, நடுவில் ஜி.ஐ. பைப் சொருகிக் காயவைத்தால் பார்பெல் தயார். கெடிலம் ஆற்றோரம் விடியற்காலையில் போய் அதைத் தூக்குவார். அப்புறம் தண்டால் நூறு, பஸ்கி இருநூறு. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். இரண்டு வருஷம் விடாமல் செய்தார்.

காவலர் தேர்வில் மார்பளவு 81 செ.மீ. இருக்கணும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரியணும். அண்ணனுக்கு விரிந்தது. ஆனால் அடிப்படை அளவே 78தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "என் உடம்புல எதுவும் ஒட்டாதுடா தம்பி" என்றார். இருபத்தைந்து வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது மகனைப் பார்த்தும் "எங்க வம்சமே அப்படித்தான்" என்கிறார்.

அப்பாவின் சிமெண்ட் டப்பாவுக்கும் மகனின் 30 கிலோவுக்கும் நடுவில் ஒரு தலைமுறை இருக்கிறது. இரண்டிலும் இருந்த குறை ஒன்றுதான். எடை ஏறவில்லை.

கர்லாகட்டை கப்பலேறிப் போன கதை

எடையைப் படிப்படியாக ஏற்றணும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. கிரேக்கத்தில் மைலோ என்ற மல்லன் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கிப் பழகினான், அது வளர வளர இவன் பலமும் வளர்ந்தது என்று ஒரு பழங்கதை உண்டு. நம்ம தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் இருந்தது. கர்லாகட்டையிலும் இந்த ஏற்றம் உண்டு. சின்னதில் பழகி, கை வசப்பட்டதும் பெரியதை எடுப்பார்கள். கட்டையின் எடை முழுக்கப் பிடியிலிருந்து தள்ளி அடிப்பக்கம் இருப்பதால், கொஞ்சம் கூடினாலும் தோளுக்குத் தெரியும். கோதாவில் இறங்கும் பயில்வானுக்கு எதிராளியே எடைதான். நேற்றைவிடப் பலசாலி ஒருவன் இன்றைக்கு எதிரில் வந்து நிற்பான்.

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தினர் கர்லாகட்டையைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். 1834ல் டொனால்ட் வாக்கர் லண்டனில் வெளியிட்ட உடற்பயிற்சிப் புத்தகத்தில் இந்தியக் கட்டைப் பயிற்சி இடம் பிடித்துவிட்டது. 1866ல் சிம் கெஹோ என்பவர் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார், கட்டையையும் செய்து விற்றார். 1904, 1932 ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது.

ஆனால் போன இடத்தில் கட்டை இளைத்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் படைப்பிரிவிலும் ஐம்பது பேர் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் சுழற்றணும் என்றால், அதில் பலவீனமானவனுக்கும் தாங்குகிற எடைதான் சரிப்படும். ஆளுக்கொரு எடை என்றால் வரிசை குலைந்துவிடும். அதனால் ஒன்று, இரண்டு பவுண்டு கட்டைகள் பரவின. அந்த டிரில்தான் காலனிய காலத்தில் நம்ம பள்ளிக்கூடங்களுக்கும் வந்து சேர்ந்தது. உடல் நிமிர்ந்தது, ஒழுங்கு வந்தது. அதுதான் அதன் நோக்கமும். தசை வளர்ப்பது அதன் வேலையே இல்லை.

தபாலில் வந்த சாண்டோ

அடுத்து வந்தவர் யூஜின் சாண்டோ. 1867ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க்கில் பிறந்தவர். அசல் பெயர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். 1901ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்தியதுதான் முதல் பெரிய ஆணழகன் போட்டி. 1904, 1905ல் இந்தியாவில் சுற்றுப்பயணம் வந்தார். அந்த வருகைக்கு அப்புறம் 'சாண்டோ' என்பது இங்கே ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. கோவையில் நண்பர்களோடு தேகப்பயிற்சி சாலை நடத்தி, பின்னால் சினிமா தயாரிப்பாளர் ஆன சின்னப்பா தேவர் (1915-1978) கடைசிவரைக்கும் 'சாண்டோ' சின்னப்பா தேவர்தான். வங்காளத்தில் கையில்லாத பனியனுக்கே சாண்டோ என்று பெயர்.

எனக்கு முக்கியமாகப் பட்டது சாண்டோவின் வியாபாரம். அவர் மேடையில் ஒற்றைக்கையால் தலைக்கு மேல் தூக்கியது 120 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. அவருக்குக் கற்றுக்கொடுத்த குரு, 'பேராசிரியர் அட்டிலா' என்ற பெயரில் இயங்கிய லூயிஸ் டுர்லாக்கர், கனத்த எடையில் பழக்குகிறவர். ஆனால் சாண்டோ புத்தகமாகவும் தபால் பாடமாகவும் உலகத்துக்கு விற்றது 5 பவுண்டு அளவிலான டம்பெல்லும், ஸ்பிரிங் வைத்த கைப்பிடியும், எத்தனை தடவை செய்யணும் என்ற அட்டவணையும். அட்டையில் இருந்த உடம்பு ஒரு வழியில் வந்தது. உள்ளே இருந்த பாடம் வேறு வழியைச் சொன்னது.

இதை வெறும் ஏமாற்று என்று சொல்ல மனசு வரவில்லை. 100 கிலோ இரும்பைத் தபாலில் அனுப்ப முடியாது. அட்டவணையை அனுப்பலாம். அன்றைக்கு உட்கார்ந்தே வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்கு அந்தப் பயிற்சி ஆரோக்கியமும் கொடுத்திருக்கும். ஆனால் 'இந்த அட்டவணையைச் செய்தால் இந்தப் படம் மாதிரி ஆகலாம்' என்ற எண்ணம் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் நடத்திய கே.வி. ஐயரும் தபால் பாடம் நடத்தினார். எழுபது, எண்பதுகளில் நம்ம பத்திரிகைகளில் புல்வொர்க்கர் விளம்பரம் வரும். 1960களில் ஜெர்மனியிலிருந்து கிளம்பிய கருவி அது. கருவி மாறினாலும் விளம்பரத்தின் அமைப்பு மாறவில்லை. ஒரு உடம்பு, ஒரு பொருள், தினமும் சில நிமிஷம்.

மூணு செட், பத்து ரெப் எங்கிருந்து வந்தது?

இந்த எண் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. எந்த ஜிம் சுவரைப் பார்த்தாலும் இதுதான் இருக்கிறது. யார் வைத்த கணக்கு?

எடையைக் கூட்டிக் குறைக்கிற மாதிரியான பார்பெல்லைப் பெரிய அளவில் விற்க ஆரம்பித்தவர் அமெரிக்காவின் ஆலன் கால்வர்ட், 1902ல். கம்பெனிக்கு அவர் வைத்த பெயர் மைலோ. கன்றுக்குட்டிக் கதையை இரும்பில் செய்து விற்றார் என்று சொல்லலாம். ஆனாலும் டாக்டர்கள் கனமான எடையைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். தசை இறுகிப்போகும், இதயம் கெடும் என்றார்கள்.

அதை மாற்றியவர் தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ மருத்துவர். இளவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து, எழுந்தபின் தானே எடை தூக்கி உடம்பைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப்போர் சமயம் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் முழங்கால் அடிபட்ட வீரர்கள் மாசக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு இருந்த சிகிச்சை, லேசான எடையில் நிறையத் தடவை காலை நீட்டி மடக்குவது. டிலோர்ம் அதைத் தலைகீழாக்கினார். பத்து தடவைக்கு மேல் தூக்கவே முடியாத எடை எதுவோ அதைக் கண்டுபிடித்தார், அதிலேயே பயிற்சி கொடுத்தார், வாரா வாரம் மறுபடி சோதித்து ஏற்றினார். 1945ல் கட்டுரையாக வெளியிட்டார். முதலில் அவர் கொடுத்தது ஏழிலிருந்து பத்து செட் வரைக்கும். 1948ல் ஆர்தர் வாட்கின்ஸோடு சேர்ந்து எழுதியபோது அது மூன்றாகக் குறைந்தது. அந்தப் பத்து-முறை எடையில் பாதியை வைத்து ஒரு பத்து, முக்காலை வைத்து ஒரு பத்து, முழு எடையில் ஒரு பத்து.

மூணு செட், பத்து ரெப் பரவியது இங்கிருந்துதான். ஆனால் டிலோர்ம் அந்த முறைக்கு வைத்த பெயரே 'படிப்படியாக ஏறும் எதிர்ப்புப் பயிற்சி'. மூணும் பத்தும் அதில் சின்ன விவரம். முதல் இரண்டு செட்டும் உடம்பைச் சூடாக்க. மூன்றாவது செட்டில் பத்தாவது தடவை உயிரைக் கொடுத்துத் தூக்கணும். பதினொன்றாவது வந்துவிட்டால் எடையை ஏற்றணும். நாம எண்ணை மட்டும் சுவரில் எழுதிக்கொண்டு ஏற்றத்தை விட்டுவிட்டோம். எங்க தொழிலில் சொல்வதென்றால், லூப் ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே மதிப்பைக் கூட்டுகிற வரியைக் காணோம்.

பையனுடைய நோட்டில் 30 கிலோ முதல் மாசம் அவனுக்குச் சவாலாக இருந்திருக்கும். முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்புகளின் வேலை. இருக்கிற தசையை நன்றாகக் கூட்டிக் கட்ட மூளை பழகிக்கொள்கிறது. மோரிடானி, டிவ்ரீஸ் இருவரும் 1979லேயே இதை அளந்து காட்டினார்கள். தசை பருக்கிற கட்டம் அதற்குப் பிறகுதான் வேகம் பிடிக்கிறது. இவன் விஷயத்தில், அந்தக் கட்டம் வருகிற நேரத்தில் 30 கிலோ லேசாகிவிட்டது. பத்தோடு வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். இருபது தூக்கக்கூடிய உடம்புக்குப் பத்து ஒரு செய்தியே இல்லை.

லேசான எடையில் தசை வளரவே வளராது என்றும் சொல்ல முடியாது. 2010ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு, ஒரே ஒரு முறை தூக்க முடிகிற எடையில் 30 சதவீதத்தை வைத்தே, இனி முடியாது என்கிற வரைக்கும் தூக்கினால் தசையின் புரத உற்பத்தி நன்றாகத் தூண்டப்படுகிறது என்று காட்டியது. 2018ல் பிரேசிலில் செய்த ஒப்பீட்டில் 40 சதவீதம்கூட ஈடு கொடுத்தது, 20 சதவீதத்தில் பலன் குறைந்தது. ஆக, எடை எவ்வளவு என்பதைவிட, கடைசி ரெப் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதுதான் கணக்கு. அண்ணனின் நூறு தண்டால் முதல் மாசம் கஷ்டம். ஆறாவது மாசம் பேசிக்கொண்டே போடுவார். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணின எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்புக் கட்டு ஏற்றுகிறவன் ஜிம்முக்கா போனான்?" என்று ஊரில் கேட்பார்கள். அவர்களின் பலம் உண்மை. ஆனால் கட்டின் எடை வருஷத்துக்கு வருஷம் ஏறுவதில்லை. அந்த வேலைக்குத் தேவையான தசை வந்ததும் உடம்பு அங்கேயே நின்றுகொள்கிறது. மிச்சமெல்லாம் தாக்குப்பிடிக்கிற திறனாகப் போகிறது. அப்புறம் சாப்பாடு.

தட்டில் இருந்தது என்ன?

காமா பயில்வான் தண்டாலும் பஸ்கியும் ஆயிரக்கணக்கில் போட்டார் என்று எல்லாரும் சொல்வார்கள். தாத்தியா சமஸ்தானமும், பிறகு பாட்டியாலா சமஸ்தானமும் அவரை ஆதரித்தன என்பதைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. பாலும் நெய்யும் பாதாமும் அரண்மனைக் கணக்கில் வந்தன.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் வங்காளத்தின் மனோகர் ஐச். ஐந்தடிக்கும் குறைவான உயரம். பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தபோது அதிகாரியை அறைந்து சிறைக்குப் போனவர். கருவி எதுவும் இல்லாமல் சிறையிலேயே மணிக்கணக்கில் பயிற்சி செய்தார். அதைப் பார்த்த சிறை நிர்வாகம் அவருக்குத் தனிச் சாப்பாடு ஏற்பாடு செய்தது. 1952ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கினார், 2016ல் நூறு வயதைத் தாண்டி இறந்தார். அவர் கதையை மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்வோம். அந்தத் தனிச் சாப்பாட்டை விட்டுவிடுவோம்.

பையனின் எடை 54 கிலோ. எடைப்பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் புரதம் வரைக்கும் பலன் தெரிகிறது என்பது 2018ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்கு. அப்படியானால் அவனுக்கு நாளைக்கு 86 கிராம். அவன் சாப்பிடுவதை உட்கார்ந்து எழுதினோம். 400 கிராம் அரிசியில் சுமார் 28, சாம்பாரில் கரைந்த பருப்பில் 9, காலை இட்லியின் உளுந்தில் 6, இரண்டு டீயின் பாலில் 5. மொத்தம் 48. ஞாயிற்றுக்கிழமை கறி தனி.

இரண்டு முட்டை 12. ஒரு கை மல்லாட்டை, 50 கிராம் என்றால் 12. 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்து அவித்தால் 10. 82க்கு வந்துவிட்டது. மல்லாட்டை விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு மூவாயிரம் ரூபாய் பவுடர் டப்பாவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான்.

ஊசிக்கு வருவோம்

1958ல் சிபா கம்பெனி டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொண்டுவந்தது. அமெரிக்க எடை தூக்கும் அணியின் மருத்துவர் ஜான் ஜீக்லர் அதை வீரர்களுக்குக் கொடுத்தார். அதற்கு அப்புறம் பத்திரிகைகளில் வந்த பல ஆணழகர்களின் உடம்பையும் அவர்களின் பயிற்சி அட்டவணையையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே தப்பாகிவிட்டது.

எவ்வளவு தப்பு என்பதற்கு 1996ல் வெளிவந்த பாசினின் ஆய்வு போதும். 43 ஆண்கள், பத்து வாரம். ஊசி இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை சராசரியாக 1.9 கிலோ கூடியது. பயிற்சியே செய்யாமல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு 3.2 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.1.

இதை அவனிடம் மறைக்கவில்லை. ஊசி வேலை செய்யாது என்று பொய் சொன்னால் ஜிம்மில் கண்ணெதிரே பார்த்துவிட்டு என்னை நம்ப மாட்டான். "வேலை செய்யும்டா. ஆனா வெளியிலிருந்து ஏத்தினா உன் உடம்பு தானா சுரக்கிறத நிறுத்திக்கும். விந்தணு குறையும், விரை சுருங்கும், இதயத்துல கைவைக்கும். உன் வயசுல அதுக்குப் போய் கைநீட்டாத" என்றேன். அந்த 1.9 கிலோவையும் காட்டினேன். பத்து வாரத்தில் ஒழுங்காகச் செய்கிற ஒருவனுக்குக் கிடைக்கிற நியாயமான கூலி அது.

இன்னொன்றும் சொல்லணும். 2005ல் வெளியான ஒரு ஆய்வில் 585 பேருக்கு ஒரே பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். கைத்தசை அளவு சிலருக்கு 2 சதவீதம் குறைந்தது, சிலருக்கு 59 சதவீதம் கூடியது. அதனால் 'உடம்பு வாகு' என்பது இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எடையும் ஏறாமல், தட்டும் நிறையாமல் இருக்கும்போது வாகு மேல் பழி போட நமக்கு உரிமை இல்லை.

பிப்ரவரியிலிருந்து நோட்டில் ஒரு புது பத்தி சேர்ந்தது: 'கடைசி செட்டில் எத்தனை வந்தது'. பன்னிரண்டு வந்தால் அடுத்த முறை இரண்டரை கிலோ ஏற்றணும். ஆறு நாள் போவதை நாலாக்கினான். ஜூனில் பெஞ்ச் பிரஸ் 45 கிலோ. உடல் எடை 57. மார்பு 79லிருந்து 81. தேர்வு இன்னும் வரவில்லை. வந்தால் ஓட்டமும் எழுத்துத் தேர்வும் வேறு இருக்கிறது.

அளந்த அன்றைக்கு அண்ணனும் பக்கத்தில் நின்றார். டேப்பை வாங்கி இன்னொரு தடவை தானே அளந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அப்ப அந்த டப்பாவுல இன்னும் கொஞ்சம் சிமெண்ட் போட்டிருக்கணும்ங்கிற" என்றார்.

"கொஞ்சம் சிமெண்ட், ரெண்டு முட்டைண்ணே" என்றேன். சிரித்தார். டேப்பைச் சுருட்டி மகனின் நோட்டுக்குள் வைத்துவிட்டு, மல்லாட்டை வாங்கப் பண்ருட்டிக்குக் கிளம்பிப் போனார்.